அப்ரண்டிஸின் வகுப்பு நேரம் யாருடையது?

தமிழ்நாட்டில் ‘அப்ரண்டிஸ்’, அதாவது தொழிற்பழகுநர், என்றதும் பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்வேதான். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பொன்மலைப் பணிமனை, கோவை போத்தனூர் சிக்னல் பணிமனை ஆகியவற்றுக்கான அறிவிப்பு வந்துவிட்டால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஐ.டி.ஐ. சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கணினி மையங்களில் வரிசை கட்டுகிறார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது; மதிப்பெண் அடிப்படையிலேயே பட்டியல் தயாராகிறது என்பதால் போட்டி கடுமையாக இருக்கிறது. மாதம் எவ்வளவு கிடைக்கும், முடித்தபின் நிரந்தர வேலை உண்டா என்ற இரண்டு கேள்விகளைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு நடக்கும், அந்த நேரத்துக்கும் பணம் உண்டா, வகுப்பை நடத்துவது யார் என்று கேட்பவர் அரிது. ஆனால் தொழிற்பழகுநர் பயிற்சி உண்மையில் பயிற்சியாக நடக்கிறதா, அல்லது குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கும் வழியாக மாறிவிட்டதா என்பதைக் கண்டுகொள்ள, யாரும் கேட்காத இந்தக் கேள்விகளே பெரிதும் உதவுகின்றன.

இந்தப் பயிற்சியின் அடிப்படை எளிமையானது. கற்பவர் ஒரு நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்கிறார். வேலை நடக்கும் இடத்திலேயே, தேர்ந்த தொழிலாளர்களுக்கு அருகில் நின்று கைத்தொழிலைப் பழகுகிறார். அந்தக் காலத்துக்கு அவருக்கு மாத உதவித்தொகை கிடைக்கிறது. அதே காலத்தில், அல்லது அதற்குச் சற்று முன்பாக, அந்தத் தொழிலுக்குரிய கணக்கு, வரைபடம், அறிவியல் ஆகியவற்றை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி அல்லது நிறுவனத்தின் சொந்தப் பயிற்சி மையத்தில் படிக்கிறார். இறுதியில் நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பு தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. ஒப்பந்தம், உதவித்தொகை, வகுப்பு, வெளித்தேர்வு என்ற நான்கும் சேர்ந்தால்தான் அது தொழிற்பழகுநர் பயிற்சி. இவற்றுள் உற்பத்தி நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் பலியாவது வகுப்புதான்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1961-இல் இயற்றப்பட்டு 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் போன்ற தொழிற்பிரிவுகளுக்கு மட்டுமே பொருந்திய அந்தச் சட்டம், 1973-இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் விரிந்தது. 1986-இல் பள்ளி அளவிலான தொழிற்கல்வி முடித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. 2019-இல் விதிகள் திருத்தப்பட்ட பின், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்றும், 4 பேர் முதல் உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் எடுக்கலாம் என்றும் வரையறை வந்தது. பதினான்கு வயது நிறைந்தவர் சேரலாம். ஆபத்தான தொழில்களுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்காக ஒப்பந்தத்தில் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திடுகிறார்கள்.

சட்டத்தை முழுமையாகப் படிப்பவருக்கு அதன் இரண்டு முகங்களும் தெரியும். பதினெட்டாவது பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளரே (பயிற்சி பெறுபவரே), தொழிலாளர் அல்லர் என்றும், தொழிலாளர் தொடர்பான சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இதனால் வருங்கால வைப்பு நிதியோ தொழிலாளர் அரசுக் காப்பீடோ அவருக்குக் கிடையாது. தொழிற்சாலைகளுக்கான உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி விதிகள் மட்டும் பொருந்துகின்றன. வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமையும் உண்டு. ஒரு தொழிலாளிக்குரிய பெரும்பாலான பாதுகாப்புகளை எடுத்துவிட்ட சட்டம், அதற்கு ஈடாக அவருக்கு என்ன தருகிறது? கற்கும் உரிமையைத் தருகிறது. பத்தாவது பிரிவு, செய்முறைப் பயிற்சிக் காலம் முழுவதும் தொழிலோடு தொடர்புடைய பாட வகுப்பு நடத்தப்பட வேண்டும் என்று சொல்வதோடு, அந்த வகுப்பில் செலவாகும் நேரத்தையும் ஊதியத்துக்குரிய வேலை நேரத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்று தெளிவாகக் கூறுகிறது. பதின்மூன்றாவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழகுநருக்குப் பீஸ் ரேட் அடிப்படையில், அதாவது செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்ப, பணம் தரக் கூடாது. உற்பத்தி போனஸ், ஊக்கத்தொகைத் திட்டம் எதிலும் அவரைப் பங்கெடுக்கச் சொல்லக் கூடாது. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகருடைய ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைப்பதற்கும் பதினைந்தாவது பிரிவில் தடை இருக்கிறது. எண்ணிக்கைக்குப் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டவர் கற்க மாட்டார் என்பதை 1961-இல் சட்டம் எழுதியவர்கள் புரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

வகுப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்குச் சித்தாந்தத்தைவிட லேத் என்ற கடைசல் எந்திரத்தில் டேப்பர், அதாவது சரிவு, கடையும் வேலையைக் காட்டுவது நல்லது. 50 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 40 மி.மீ. விட்டமும் மறுமுனை 30 மி.மீ. விட்டமும் கொண்ட சரிவைக் கடைய வேண்டும் என்று டிராயிங் சொல்கிறது. வெட்டும் டூலைத் தாங்கி நிற்கும் காம்பவுண்டு ரெஸ்ட்டை எத்தனை பாகை திருப்பி வைப்பது? இரு விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 0.1 வருகிறது, டேன் அட்டவணையில் அதற்குரிய கோணம் 5 பாகை 43 நிமிடம். நீளத்தை இரு மடங்காக்க மறந்தவருக்கு 11 பாகைக்கு மேல் விடை வரும். ஜாப், அதாவது கடையும் பொருள், ஸ்கிராப் ஆகும். பக்கத்தில் நிற்கும் மூத்த டர்னர், ‘ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா வை’ என்று சொல்லிவிடலாம். அந்த ஜாபுக்கு அது போதும். அடுத்த மாதம் வேறு டிராயிங் வரும்போது, அதே டர்னர் வேறு ஷிப்ட்டில் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கணக்கைக் கற்றவர் எந்த டிராயிங்கையும் எதிர்கொள்வார். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இன்னொருவரைத் தேடிப் போவார்.

கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. எந்திரம் வந்த பிறகு இந்த இடைவெளி கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். அதே டேப்பருக்கு, தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் நிரலில் எழுதிவிட்டால் எந்திரமே சரிவைக் கடைந்துவிடும். கோணம் எவ்வளவு என்பதை ஆபரேட்டர் அறியவேண்டிய தேவையே இல்லை. ஜாபைச் சக்கில் மாட்டுவது, கதவை மூடுவது, பச்சைப் பொத்தானை அழுத்துவது, முடிந்ததும் மைக்ரோமீட்டரில் பார்ப்பது என்று ஒரு பழகுநர் ஓராண்டு முழுவதையும் கழித்துவிட முடியும். டூலின் முனை ஒரு புள்ளியாக இல்லாமல் சிறு வளைவாக இருப்பதால், அந்த வளைவுக்கு ஈடு செய்யாவிட்டால் டேப்பரின் அளவு பிசகும். அந்தப் பிசகு எங்கிருந்து வந்தது என்பதைப் பொத்தானை எத்தனை ஆயிரம் முறை அழுத்தினாலும் கற்றுக்கொள்ள முடியாது. அதைக் கரும்பலகையில் படம் போட்டுத்தான் விளக்க வேண்டும். மறுபக்கம், ஐ.டி.ஐ. வகுப்பறையிலேயே இரண்டு ஆண்டுகளைக் கழித்தவருக்கு வேறொரு குறை உண்டு. ஒரு ஜாபைப் பொறுமையாக மூன்று நாள் ராவிச் சதுரமாக்கியவருக்கு, அதே துல்லியத்தில் ஷிப்ட்டுக்கு நூறு ஜாப் எடுக்கும்போது டூல் எப்போது மழுங்கும், குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்தால் அளவு எப்படி மாறும், இரவு ஷிப்ட்டில் கண் அயரும் நேரத்தில் எந்தத் தவறு நேரும் என்பதெல்லாம் தெரிந்திருக்காது. அவற்றைப் பட்டறை மட்டுமே கற்றுத் தரும்.

இரண்டையும் எந்த வரிசையில் சேர்ப்பது என்பதில் பல அமைப்புகள் உள்ளன. நம் ஊரில் மிகப் பரவலானது, முதலில் படிப்பு, பிறகு பழகுதல் என்ற முறை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர் ஓராண்டு அப்ரண்டிஸ் ஆகிறார். பாலிடெக்னிக்கோ பொறியியல் கல்லூரியோ முடித்தவரும் அப்படியே ஓராண்டு சேர்கிறார். முன்பயிற்சி எதுவும் இல்லாமல் பத்தாம் வகுப்போடு வருபவரை ‘ஃப்ரெஷர்’ என்று குறிப்பிடுவார்கள். அவருக்கு அடிப்படைப் பயிற்சி கொடுத்த பிறகே உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதால் காலம் கூடுகிறது. ஐ.டி.ஐ. முடித்து வருபவரிடம் அடிப்படை ஏற்கெனவே இருப்பதால், அந்த ஓராண்டில் வகுப்பு தேவையில்லை என்று பல நிறுவனங்கள் எண்ணிக்கொள்கின்றன. வகுப்பு மறையத் தொடங்கும் முதல் இடம் இதுதான்.

இரண்டாவது அமைப்பில் படிப்புக்குள்ளேயே வேலை வருகிறது. தமிழ்நாட்டு பாலிடெக்னிக்குகளில் பல ஆண்டுகளாக நடக்கும் ‘சாண்ட்விச்’ பட்டயப் படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான மூன்று ஆண்டுக்குப் பதில் மூன்றரை ஆண்டு. இடையில் ஒரு பருவமும் கடைசியில் ஒரு பருவமும் மாணவர் தொழிற்சாலையில் இருப்பார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு சாண்ட்விச் பொறியியல் படிப்பு உண்டு. அந்த வளாகத்திலேயே மோட்டாரும் பம்பும் தயாரிக்கும் தொழிற்கூடம் இருப்பதால், வகுப்பறைக்கும் ஷாப் புளோருக்கும் இடையே நடந்தே போய்விடலாம். இத்தகைய ஏற்பாட்டின் பலன், முதல் முறை தொழிற்சாலைக்குப் போய் வந்த மாணவர் மீண்டும் வகுப்பில் உட்காரும்போது தெரியும். வெப்பச் செயல்முறைப் பாடத்தை எந்திர உறுப்பு விரிசல் விட்டதைப் பார்த்த கண்ணோடு அவர் கேட்பார். ஆசிரியரை மடக்கும் கேள்விகளும் அவரிடமிருந்தே வரும்.

ஐ.டி.ஐ.களில் 2016 முதல் நடைமுறையில் உள்ள இரட்டைப் பயிற்சி முறையும் இந்த வகையைச் சேர்ந்தது. ஐ.டி.ஐ.யும் ஒரு தொழிற்சாலையும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை இங்கேயும் மறு பகுதியை அங்கேயும் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றியது, ரோபோவும் சி.என்.சி.யும் இல்லாத வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் நேராக நவீன ஆலைக்குள் போய் விழிக்கும் நிலையைக் குறைத்திருக்கிறது. பட்டப்படிப்பு அளவில், பல்கலைக்கழக மானியக் குழு தொழிற்பழகுநர் பயிற்சியை உள்ளடக்கிய பட்டப்படிப்புக்கு வழிகாட்டு நெறிகளை முதலில் 2020-இலும் திருத்தி 2025-இலும் வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒரு பருவம் முதல் மூன்று பருவம் வரை நிறுவனத்தில் உதவித்தொகையோடு கழிக்கலாம். அந்தக் காலத்துக்கும் மதிப்பெண் புள்ளிகள் உண்டு. பி.காம். மாணவர் ஒருவர் கணக்குத் தணிக்கை அலுவலகத்திலோ சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திலோ ஓராண்டு இருந்துவிட்டுப் பட்டம் பெறுவது இனி விதிக்குட்பட்டதே.

இனி பணம். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவருக்கு மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6,000, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, பட்டயதாரருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று உயர்கிறது. இரண்டாம் ஆண்டில் பத்து விழுக்காடும் மூன்றாம் ஆண்டில் பதினைந்து விழுக்காடும் கூடும். இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது. அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது கிடைக்கும் மாதம் 750 ரூபாயோடு ஒப்பிட்டால் 7,000 பெரிய தொகை. ஸ்ரீபெரும்புதூரில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி மூன்று வேளை சாப்பிடுவதோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவதற்கு வாடகையே பெரிய காரணம். கேண்டீனும் பேருந்தும் உள்ள ஆலைகளில் பழகுநர்கள் நிலைத்து நிற்பதற்கும் காரணம் அதுவே.

இந்தத் தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. 2016 ஆகஸ்டில் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் 25 விழுக்காடு, அதிகபட்சமாக 1,500 ரூபாய், 2023 முதல் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் வேறொரு திட்டம். அதில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு தருகிறது. தென் மாநிலங்களுக்கு அதை நிர்வகிப்பது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். முதல் திட்டம் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழும் இரண்டாவது கல்வி அமைச்சகத்தின் கீழும் இருப்பதால், ஒரே சட்டத்துக்கு இரண்டு இணையதளங்கள், இரண்டு பதிவு எண்கள், இரண்டு வகை அலுவலர்கள். எதில் பதிவது என்று தெரியாமல் சிறு நிறுவன உரிமையாளர்கள் விட்டுவிடுவதும் உண்டு.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதையும் ரூபாய்க் கணக்கிலேயே பார்க்க வேண்டும். 2014-க்கு முன்பு சட்ட மீறலுக்குச் சிறைத் தண்டனை வரை இடம் இருந்தது. தொழில்துறை அஞ்சி விலகுகிறது என்று சொல்லி அது நீக்கப்பட்டது. பழகுநர் இடங்களை நிரப்பாவிட்டால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாயும், பிறகு மாதம் 1,000 ரூபாயும் அபராதம் என்று அந்தத் திருத்தம் மாற்றியது. 7,000 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, பயிற்றுநரை வைத்து, வகுப்புக்கு ஆள் அனுப்புவதைவிட ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டுப் போவது மலிவு என்பதைக் கணக்கர் யாரும் கண்டுபிடித்துவிடுவார். சிறையைக் காட்டி மிரட்டுவது சரியில்லை என்பதை ஏற்கலாம். அபராதம் கடமையைவிடக் குறைவாக இருப்பது எந்த வகையிலும் பொருந்தவில்லை.

பயிற்சி என்ற பெயர் வகுப்பிலிருந்து முற்றாகக் கழன்றுவிட்டால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு தன் மண்ணிலேயே பார்த்திருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ இளம்பெண்களை மூன்றாண்டுக் காலத்துக்குப் ‘பயிற்சியாளர்’ என்று எடுத்தது. விடுதியில் தங்க வைத்து, நாளுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, காலம் முழுவதும் முடித்தால் திருமணச் செலவுக்கு ஆகும் என்று ஒரு மொத்தத் தொகையை இறுதியில் தருவதாகச் சொன்னார்கள். இடையில் நோய்வாய்ப்பட்டு வீடு திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையை இழந்தார்கள். ரிங் பிரேம் என்ற நூற்பு எந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டும் வேலையைச் சில மாதங்களில் பழகிவிடலாம்; மீதி இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தப் பெண்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. பாடத்திட்டமும் வெளித்தேர்வும் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருப்பார்கள். 2008-இல் தமிழ்நாடு அரசு நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயித்து, ஆலை உரிமையாளர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றதும் நடந்தது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013-இல் கொண்டுவந்த ‘நீம்’ (தேசிய வேலைத்திறன் மேம்பாட்டு இயக்கம்) திட்டத்தின் கதையும் ஏறக்குறைய இப்படியே முடிந்தது. இடைநிலை முகமைகள் இளைஞர்களைப் பதிவு செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பின. குறைந்தபட்ச ஊதிய அளவில் தொகை கிடைத்தது உண்மை. ஆனால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை நீளும் அந்தப் பயிற்சியில், நிரந்தரத் தொழிலாளிக்கு அருகிலேயே அதே அசெம்பிளி லைனில் அதே வேலையைச் செய்துவிட்டு, காலம் முடிந்ததும் வெளியேற வேண்டியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் சட்டம் கேள்வி கேட்கும், பயிற்சியாளர் என்றால் கேட்காது என்ற ஓட்டையைத்தான் அது பெரிதாக்குகிறது என்று தொழிற்சங்கங்கள் தொடர்ந்து குற்றம் சாட்டின. பின்னர் அத்திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

வகுப்பு நேரத்தை எப்படிக் காப்பது என்பதற்கு ஜெர்மனியை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள். பெரும்பாலும் அங்கே எத்தனை தொழில்கள், எத்தனை பயிற்சியாளர்கள் என்ற எண்களோடு நின்றுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது 1969-ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சட்டத்தின் சின்னச் சின்னப் பிரிவுகளை. பயிற்சியாளர் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் நிறுவனத்திலும், ஒன்று அல்லது இரண்டு நாள் அரசுத் தொழிற்பள்ளியிலும் இருக்கிறார். பள்ளிக்குப் போகும் நேரத்துக்கு அவரை விடுவித்தே ஆக வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன் பள்ளி தொடங்கும் நாளில் அதற்கு முன்னதாக அவரை வேலைக்கு அழைக்க முடியாது. ஐந்து பாடவேளைக்கு மேல் உள்ள பள்ளி நாள் ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை, முழு வேலை நாளாகவே கணக்கிடப்படுகிறது. பள்ளி முடிந்தபின் ‘இரண்டு மணி நேரம் மட்டும் வந்துவிட்டுப் போ’ என்று கூப்பிட வழியில்லை. பயிற்சியின் நோக்கத்துக்கு உதவாத வேலைகளை ஒப்படைப்பதும் தடை செய்யப்பட்டுள்ளது. பயிற்சி முடிந்தபின் இந்த நிறுவனத்திலேயே இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கினால் அந்த நிபந்தனை செல்லாது. 2020-இல் சட்டப்படி குறைந்தபட்சப் பயிற்சி ஊதியம் வந்தபோது முதலாண்டுக்கு மாதம் 515 யூரோவாக இருந்தது. 2025-இல் தொடங்கியவர்களுக்கு 682 யூரோ. பின்வரும் ஆண்டுகளில் முதலாண்டுத் தொகையைவிட முறையே 18, 35, 40 விழுக்காடு கூட வேண்டும். திறன் கூடக் கூட அவருடைய உழைப்பின் மதிப்பும் வேகமாகக் கூடுகிறது என்பதை அந்த ஏற்றம் ஒப்புக்கொள்கிறது. நம்முடைய பத்தும் பதினைந்தும் அவ்வளவு ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கே தேர்வை நடத்துவது தொழில் வணிகக் கூட்டமைப்பு. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் தொழிற்பள்ளி ஆசிரியரும் சேர்ந்தே அமர்கிறார்கள். எனவே ஒரு நிறுவனம் தன் பயிற்சியாளரை ஓராண்டு முழுவதும் பெட்டி தூக்க வைத்திருந்தால், அது தேர்வு மேசையில் பக்கத்து நிறுவனத்துக்காரர் முன்னிலையில் அம்பலமாகிவிடும். இவ்வளவு இருந்தும் ஜெர்மன் நிறுவனங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே பயிற்சி தருகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்பாடு கனமானது, எல்லோராலும் சுமக்க முடிவதில்லை.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள முதலாளிகளிடம் 0.5 விழுக்காட்டை வரியாக வாங்கி, அந்தப் பணத்தை அவர்களே பழகுநர் வகுப்புகளுக்குச் செலவிடலாம் என்றது. பழகுநரின் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலைக்கு வெளியிலான கல்விக்கு என்றிருந்த விதி, 2022-இல் வாரம் ஆறு மணி நேரம் என்று மாறியது. வகுப்புக்கான பணத்தை அரசு உறுதி செய்தது சரிதான். ஆனால் 2016-17-இல் ஏறத்தாழ 4,95,000 ஆக இருந்த புதிய சேர்க்கை அடுத்த ஆண்டே 3,76,000 அளவுக்கு இறங்கியது. கட்டிய வரியைத் திரும்ப எடுக்கும் அவசரத்தில் பல நிறுவனங்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தங்களிடம் ஏற்கெனவே உள்ள மேலாளர்களை முதுநிலைப் படிப்பில் சேர்த்தன. 2026 ஜனவரியிலிருந்து முதுநிலை அளவிலான பயிற்சிக்குரிய நிதி இளையோருக்கு மட்டும் என்று அரசு சுருக்க வேண்டியதாயிற்று.

நம் நிலைக்கு வருவோம். பெரிய ஆலைகளைவிடச் சிக்கல் அதிகமாக இருப்பது சிறு பட்டறைகளில்தான். அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ எட்டு எந்திரங்களோடு பிற நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து தரும் பட்டறையில், பழகுநர் வாரம் ஒரு நாள் வகுப்புக்குப் போனால் ஓர் எந்திரம் நிற்கும். உரிமையாளரே மெஷினிஸ்ட், அவரே கொள்முதல், அவரே டெலிவரி. கற்றுக்கொடுப்பதற்கென்று தனியாக ஆள் வைக்க அவரால் முடியாது. கற்றுக்கொடுத்து ஆளாக்கினால், ஓராண்டில் ஒரகடத்துக் கார் ஆலை கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும் என்ற அச்சமும் அவருக்கு இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பழகுநருக்கு நிறைவான கல்வி கிடைப்பதும் பல நேரம் இத்தகைய இடங்களில்தான், ஏனென்றால் பெரிய ஆலையில் ஒரே நிலையத்தில் ஓராண்டு நிற்பவர், இங்கே வெட்டுவது முதல் அளப்பது வரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார். ஒரே தொழிற்பேட்டையில் உள்ள பத்துப் பட்டறைகள் சேர்ந்து, அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் மாலையிலோ சனிக்கிழமையிலோ பொது வகுப்பு ஒன்றை நடத்தினால் செலவு பகிர்ந்துபோகும். அந்த நேரத்துக்கும் உதவித்தொகை உண்டு என்பது மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வார விடுமுறையைப் பறிப்பதாகவே அது முடியும்.

பயிற்சிக்குப் பின் வேலை உண்டா என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை நேரடியானது. இருபத்திரண்டாவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. ஏற்கும் கடமை பழகுநருக்கும் இல்லை. 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும், வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை அவருக்குத் தேவையில்லை என்றும் கூறியது. ரயில்வே 2017 முதல் ‘லெவல்-1’ எனப்படும் தன் தொடக்கநிலைப் பணியிடங்களின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காட்டைத் தன்னிடம் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. அவர்களும் தேர்வு எழுதித்தான் வர வேண்டும். நெய்வேலியில் பயிற்சி முடித்தவர்கள் நிரந்தரப் பணி கேட்டுத் தொடர்ந்து போராடி வருவதன் பின்னணியும் இந்தப் பிரிவுதான்: ஓராண்டு சுரங்கத்தில் உழைத்தவர் அதை வேலைக்கான முதல் படியாகப் பார்க்கிறார், சட்டமோ முடிந்துபோன படிப்பாகப் பார்க்கிறது.

2014-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கையை வகுத்தாக வேண்டும் என்ற வரி அதே பிரிவில் சேர்ந்திருக்கிறது. சேரும் நாளிலேயே அந்தக் கொள்கையை எழுத்தில் கேட்டுப் பெறலாம். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகி எண் வந்திருக்கிறதா என்பதையும் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், எத்தனை மாதம் ஷாப் புளோரில் நின்றாலும், அகில இந்தியத் தொழிற்தேர்வை எழுதவும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழைப் பெறவும் முடியாது. அந்தத் தேர்வில் செய்முறையோடு எழுத்துத் தாளும் உண்டு. வகுப்பே நடத்தாத நிறுவனத்தில் ஓராண்டைக் கழித்தவர் அந்தத் தாளுக்கு முன் உட்காரும்போது, டேப்பர் கோணத்துக்கான சூத்திரத்தை அவருக்கு அங்கே யாரும் சொல்லித் தரப்போவதில்லை.